மூன்றாவது கூப்பாடு

ராத்திரி ஒன்றேகால்...

கொத்தசமுத்திரத்திலிருந்து திருத்தணிக்கு வருகிற மண் ரோடு. ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. இந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் கிடையாது, அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் கிடையாது. ஏறி மிதிக்க வழியில்லாமல் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். சேற்றில் கால் புதைந்து புதைந்து வெளியே வரும் சத்தம்... சளக்... சளக்... ஹாண்டில்பாரில் ஒரு காக்கிப் பை. பைக்குள் ஒரு வயர்லெஸ் செட்.

அந்த ஆள் கஜபதி. நம் ஆனந்தன் இருக்கிறானே, மில்லில் வேலை பார்க்கிற ஆனந்தன், அவனுக்குச் சொந்தத் தாய்மாமன். நடந்தது எழுபத்தெட்டில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். கதவோரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள்.

கஜபதி எட்டு வருஷம் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவன். திரும்பி வந்து திருத்தணி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டான். கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் மடையர்கள் என்பது அவன் கட்சி. கெட்டுப்போன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம், "நியூஸ் கேட்டு நீ இன்னா கிழிக்கப் போற? வித்துட்டு ஒரு மாடு வாங்கு" என்பான். யாரையும் அவன் மரியாதையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனபோதுகூட, சனியன் விட்டது என்று ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டுக் குடித்தவன்.

கொத்தசமுத்திரம் அம்மையார்குப்பத்துக்கு அந்தாண்டை இருக்கிற சின்ன நெசவு ஊர். ஐம்பது வீடு. வீட்டுக்கு ஒரு குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார்கள். ஊருக்கு மேற்கே ஒரு மைலில் பெரிய ஏரி. முந்தின வருஷ மழையில் ஒரு ராத்திரி ஏரிக்கரை கசிந்தது. கரையில் இருந்த ஆள் ஓடி வந்து சொல்வதற்குள் குழியெல்லாம் தண்ணீர். தறியில் ஏற்றிய பாவு நூல் மொத்தமும் ஊறிப் போயிற்று. ஒரு மாசம் அடுப்பு எரியவில்லை. அதனால் ஊரில் கூட்டம் போட்டு, ஆபத்துக்குச் சேதி சொல்ல வயர்லெஸ் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். உருப்படியான யோசனைதான். அதை நிறைவேற்றுகிற பொறுப்பைப் பஞ்சாட்சரம் முதலியாரிடம் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

பஞ்சாட்சரம் முதலியார் ஊருக்கே நூல் கொடுத்துத் துணி வாங்குகிறவர். ஒரு தேங்காய் வாங்குவதற்கு நாலு கடையில் தட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது கடையில் அழுகலை வாங்கி வருகிற ஆசாமி. கஜபதியைக் கூப்பிட்டு அனுப்பி, எந்தச் செட் வாங்கலாம் என்று கேட்டார்.

"பட்டாளத்துல கழிச்சுப் போட்ட செட்டு மெட்ராஸ்ல விக்கிறான், முதலியாரே" என்றான் கஜபதி. "கனமா இருக்கும், பாக்க லட்சணமா இருக்காது. ஆனா மழையில நனையலாம், சேத்துல விழலாம், நாலு மைல் கேக்கும். ரெண்டு வாங்குங்க, போதும். எது வாங்கினாலும் அதுல போடற பேட்டரி நம்ம திருத்தணி கடையில கிடைக்குதான்னு மொதல்ல பாருங்க. கிடைக்கலன்னா அது செட்டு இல்ல, பொம்ம. லைசென்ஸுக்கும் எழுதிப் போடணும்."

முதலியார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மறு வாரம் தாமே ரயிலேறி மெட்ராஸ் போய், பர்மா பஜாரில் பேரம் பேசி மூன்று செட் வாங்கி வந்துவிட்டார். உள்ளங்கை அகலம். வெள்ளி நிறம். கம்பியை இழுத்தால் ஒரு முழம் நீளும். பட்டாளத்துச் செட் ஒன்றின் விலைக்கு இது மூன்றாம். ஐந்து மைல் கேட்கும் என்று விற்றவன் சத்தியம் செய்தானாம்.

"லைசென்ஸா? ஊரு நல்லதுக்குப் பேசறதுக்கு எவன்யா லைசென்ஸ் கேப்பான்?" என்றார்.

கஜபதி ஒரு செட்டின் முதுகைத் திறந்து பார்த்தான். தலைமுடி மாதிரி ஒயர். மைதானத்தில் ஒரு மைல் கேட்டால் அதுவே அதிகம். ஒரு சொட்டு மழை உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. சின்ன சதுர பேட்டரி, ஒன்பது வோல்ட். திருத்தணியில் கிடையாது, அரக்கோணத்தில் கிடையாது. செட்டுக்கு ஒன்றுதான் வாங்கி வந்திருந்தார். மாற்றுப் பேட்டரி விலை அதிகமாம்.

அப்போதே அதைத் தூக்கி முதலியார் மடியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. இந்த மூஞ்சிகளுக்கு இதுவே அதிகம் என்று நினைத்தான். "ஜோரு முதலியாரே, ஜோரு" என்று சொல்லி, செட்டுகளைச் சோதித்துப் பார்த்ததாகக் கமிட்டி நோட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் செட்டின் லட்சணம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு செட் ஏரிக்கரைக்கு. ஒன்று ஊருக்கு, கோயில் மண்டபத்தில் இருக்கும். மூன்றாவது கஜபதியிடம், மழை நாளில் அவன் ஊருக்கு வந்து கூட இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஏரிக்கரைச் செட் ஆறுமுகத்துக்கு. ஆறுமுகம் அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, மழைக் காலத்தில் கரைமேல் குடிசை போட்டுக் காவல் இருப்பது எல்லாம் அவன்தான். அவன் காவல் இருந்தால்தான் ஊர் தூங்கும். ஆனால் அவன் தொட்ட செட் கோயில் மண்டபத்துக்குள் வரக்கூடாதாம். படிக்குக் கீழே ஒரு கல்லில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் பேசினால் குரல் மட்டும் மண்டபத்துக்குள் வரலாம். அதற்குத் தீட்டில்லை. என்ன மூளை பாருங்கள்!

ஆறுமுகம் செட்டைத் துண்டில் துடைத்தபடி கேட்டான்: "ஐயா, இது மழையில வேலை செய்யுங்களா?"

"நீ ஒழுங்கா வேலை செய். அது செய்யும்" என்றான் கஜபதி.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்த ஊரில் ராத்திரி வேளையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், முதல் இரண்டு கூப்பாட்டுக்கு வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் "யாரு?" என்பார்கள். மனுஷனாக இல்லாதது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது, பதில் சொன்னால் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. வாசலில் நிற்கிற மாப்பிள்ளையாக இருந்தாலும் மூன்று தரம் கத்தவேண்டும். முதலியார் இதை வயர்லெஸுக்கும் சட்டமாக்கினார். ஊர்ச் செட்டைக் கையில் வைத்திருக்கப் போகிறவன் சிவப்பிரகாசம், நெசவாளர் சங்கத்துக் கிளார்க்கு. அவனிடம், "மூணாவது தபா கூப்ட்டாதான் எடுக்கணும், ஆங்?" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

கஜபதி விடவில்லை. "பேய்க்கு பேட்டரி எவன்யா வாங்கித் தந்தான்? நீங்க ரெண்டு கூப்பாட்டு வரைக்கும் எண்ணிகினு இருங்க. அதுக்குள்ள தண்ணி வந்து உங்க தாடையில நிக்கும்" என்றான்.

அந்த ஐப்பசி அடைமழையில் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தான். ஒரே ஈரத்துணி வாடை, கஞ்சிப் பசை வாடை. முதலியார், சிவப்பிரகாசம், இன்னும் ஏழெட்டுப் பேர் சுவரோரம் குந்தியிருந்தார்கள். வீடுகளில் யாரும் படுக்கவில்லை. துணியை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு, கரையிலிருந்து என்ன சேதி வருகிறது என்று உட்கார்ந்திருந்தார்கள். ஓடு என்றால் ஓடவேண்டும்.

ஒன்பது மணிக்குச் செட் கரகரத்தது.

"சிவப்பிரகாசம் ஐயா..."

சிவப்பிரகாசம் ஒரு விரலை மடக்கினான்.

"சிவப்பிரகாசம் ஐயா..."

இரண்டாவது விரலையும் மடக்கிவிட்டுக் காத்திருந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மழைச் சத்தம்... செட்டில் வெறும் உஸ்... உஸ்... மூன்றாவது கூப்பாடு வருகிற வழியாக இல்லை.

கஜபதிக்குப் பொறுக்கவில்லை. சிவப்பிரகாசம் கையிலிருந்து செட்டைப் பிடுங்கிப் பொத்தானை அமுக்கினான். "கஜபதி பேசறேன். சொல்லு. ஓவர்."

"ஐயா... ஆறுமுகம் பேசறேன். கரை நல்லா கீது. எல்லாரும் தூங்கலாம். ஓவர்."

"பாத்துக்கோங்க, உங்க பேயை! இனிமே பேசறதுன்னா என் பேர் சொல்லியே கூப்புடு, ஆறுமுகம். இவனுங்க எடுக்க மாட்டானுங்க. ஓவர்" என்றான் கஜபதி.

முதலியாரின் முகம் வெளுத்துவிட்டது. ஒருவன் எழுந்து போய் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டான். கஜபதி காறித் துப்பினான்.

பத்து மணிக்கும் வந்தது. பதினொரு மணிக்கும் வந்தது. "கஜபதி ஐயா... கஜபதி ஐயா..." ஒவ்வொரு தடவையும் இரண்டாவது கூப்பாட்டுக்கே கஜபதி எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அதே சேதி. கரை நல்லா கீது. எல்லாரும் தூங்கலாம்.

ஒன்று மட்டும் அவன் காதில் உறுத்தியது. எட்டு வருஷம் காதால் சாப்பிட்டவன் அல்லவா. மண்டபத்துக்கு வெளியே மழை கொட்டுகிறது. கரைமேல் இதைவிட அதிகமாகக் கொட்ட வேண்டும், காற்று அடிக்க வேண்டும். ஆனால் ஆறுமுகம் பேசும்போது அவன் குரலுக்குப் பின்னால் மழையே இல்லை. காற்றும் இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை. மூடி போட்ட பானைக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"செட்டுல பாசி நாத்தம் அடிக்குதுப்பா" என்றான் சிவப்பிரகாசம்.

"உன் துண்டு நாத்தம் அது" என்றான் கஜபதி. மழைச் சத்தம் வராததற்கும் அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். மட்டமான செட், பக்கத்தில் பேசுகிற வாய் தவிர வேறெதுவும் அதற்குக் கேட்காது. அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிச் சேதியும் வந்ததும் ஜனங்களைப் பார்த்துக் கத்தினான். "மூட்டையை அவுத்துப் போட்டுட்டு படுங்கய்யா! கரை நல்லா இருக்குன்னு நாலு தபா சொல்லிட்டான். இன்னும் இன்னா வேணும், ஓலை எழுதி அனுப்பணுமா?" அவன் கத்திய பிறகுதான் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது. குழித்தறி ஓரம் பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள்.

அதற்கு மேல் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து இவர்கள் மூஞ்சியைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. காலையில் கடை திறக்க வேண்டும். தன் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டரைக்குக் கிளம்பினான். படி இறங்கும்போதே உள்ளே முதலியார் சொல்வது காதில் விழுந்தது. "பட்டாளத்தான் போயிட்டான். இனிமே நம்ம வழக்கப்படி மூணாவது தபா கூப்ட்டாதான் எடுக்கணும், சிவப்பிரகாசம்."

"திருந்தாத ஜென்மங்க" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.

அதுதான் ஒன்றேகால் மணிக்கு ரோட்டில் வந்துகொண்டிருந்தான் என்று முதலில் சொன்னது. ஊரிலிருந்து முக்கால் மைலில் ஒரு தரைப்பாலம். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. தாண்டி அந்தப் பக்கம் ஏறினான். ஏறியதும் நின்றான். எதிரில் ஒரு அரிக்கேன் விளக்கு... விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. பக்கத்தில் ஒரு ஆள். நடுவில், ரோட்டோரத்துப் புல்லில், வேட்டியால் மூடி ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள்.

பெண்பிள்ளை கன்னியம்மாள், ஆறுமுகத்தின் மனைவி. கூட நின்றவன் அவள் தம்பி சின்னசாமி.

"யாரும்மா இது?" என்றான் கஜபதி.

கன்னியம்மாள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "உங்க கிட்ட செட்டு வாங்கினு போன ஆளுதாங்க. பொழுது சாய கஞ்சி எடுத்துனு போனேன். குடிசையே இல்ல. கரை அங்க சரிஞ்சு கிடக்குது. ஊருக்கு அவரே செட்டுல சொல்லியிருப்பாருன்னு நெனச்சோம். தேடினு தேடினு கால்வாயோட வந்தோம். இங்க முள்ளுல மாட்டினு இருந்தாரு."

"பொழுது சாயவா?"

"ஆங். ஆறு மணி இருக்கும்."

கஜபதி குனிந்து வேட்டியை விலக்கினான். ஆறுமுகம்தான். கை கால் விறைத்துவிட்டது. வாயில் சேறு. நாள் முழுக்க ஊறிய துணி மாதிரி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கழுத்தில் கயிறு கட்டி அந்தச் செட் தொங்கியது. எடுத்துச் சாய்த்தான். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. முதுகு மூடியைக் காணோம். பேட்டரியும் இல்லை.

ஒன்பது மணி. பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு...

அப்போது ஹாண்டில்பாரில் தொங்கிய பை கரகரத்தது.

"கஜபதி ஐயா..."

சின்னசாமி இரண்டடி பின்னால் போனான். கன்னியம்மாள் விளக்கை உயர்த்திப் பையைப் பார்த்தாள். புருஷன் குரல் அவளுக்குத் தெரியாதா?

"கஜபதி ஐயா..."

இந்தத் தடவை கஜபதி எடுக்கவில்லை. ஆனாலும் அது பேசியது.

"கரை நல்லா கீது. எல்லாரும் தூங்கலாம்."

மேற்கே எங்கேயோ, மழைச் சத்தத்துக்கு அடியில், இன்னொரு சத்தம் ஆரம்பித்தது. லாரி வருகிற மாதிரி ஒரு உறுமல். அந்தப் பக்கம் லாரி வருகிற ரோடு கிடையாது. தரைப்பாலத்தைத் திரும்பிப் பார்த்தான். சற்று முன் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது பாலத்தின் பக்கக் கல்லை மூடிவிட்டது. இறங்கினால் அடித்துக்கொண்டு போய்விடும். சின்னசாமி இறங்கிப் பார்த்தான், இடுப்பளவில் கால் தரிக்காமல் அக்காளின் கையைப் பிடித்துக் கரையேறினான்.

ஊர் முக்கால் மைல். ஐம்பது வீடு. எல்லோரையும் படுக்கச் சொன்னவன் இவன்தான்.

செட்டை வாயில் வைத்துப் பொத்தானை அமுக்கினான்.

"சிவப்பிரகாசம்! கஜபதி பேசறேன். எல்லாரையும் எழுப்பு! ஓவர்!"

பொத்தானை விட்டான். உஸ்... உஸ்... பதில் இல்லை. அந்த மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு நேரில் பார்க்கிற மாதிரி தெரிந்தது. செட்டுக்குள் இருக்கிறது எதுவானாலும் அதன் பேச்சைக் காதில் வாங்கக்கூடாது என்று, முதலியார் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். சிவப்பிரகாசம் ஒரு விரலை மடக்கியிருப்பான்.

"சிவப்பிரகாசம்! டேய், நான்தான்டா, கஜபதி! எடுடா!"

இரண்டு விரல்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கையெடுத்துக் கும்பிட்டான். எந்தச் சாமியை என்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது தரம் பொத்தானை அமுக்கினான். செட்டில் இருந்த உஸ் சத்தம் மெலிந்தது... இழுத்தது... நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. தட்டினான். உதறினான். பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தான். சுர்ரென்று கூட இல்லை. செத்த செட்டை வாயருகே வைத்துக்கொண்டு சிவப்பிரகாசம், சிவப்பிரகாசம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தான். கன்னியம்மாள்தான் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு ஏரி உடைந்து ஊருக்குள் வந்தது. குழியில் பதினொரு பேர் போனார்கள். அதில் ஆறு குழந்தைகள். முதலியாரும் போனார். பாயில் படுத்தது படுத்தபடி கிடந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சிவப்பிரகாசம் மண்டபத்துக் கூரைமேல் ஏறித் தப்பித்தான். அவனுடைய இரண்டு பெண்களும் தப்பவில்லை. மூன்றாம் நாள், தண்ணீர் வடிந்த பிறகு, கஜபதி அவனைத் தேடிப் போனான். சிவப்பிரகாசம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். கஜபதி அவன் காலருகே சேற்றில் உட்கார்ந்தான்.

"ரெண்டு தபா கூப்ட்டேன்டா. மூணாவது தபா கூப்பிடறதுக்குள்ள பேட்டரி பூட்ச்சி. அந்தப் பேட்டரி நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன். என்னை அடிச்சுப் போடு."

சிவப்பிரகாசம் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாப்பா சொல்ற? மூணாவது தபா கூப்ட்டியே."

"இல்லடா..."

"கூப்ட்ட. மொத ரெண்டு தபா சொன்னத வழக்கப்படி காதுல வாங்கல, மூணாவதுக்கு நாந்தான் எடுத்தேன். உன் கொரலு எனக்குத் தெரியாதா? 'பயப்படாதீங்க, கரை நல்லா இருக்குதுங்க, எல்லாரும் நிம்மதியா தூங்குங்க'ன்னு சொன்ன. முதலியாரு கூட நம்பல. இவன் பேச்சு மாதிரி இல்லையேன்னாரு." அவன் மூன்று விரலை மடக்கிக் காட்டினான். "நீ எங்கள அவ்ளோ மரியாதையா பேசினதே இல்ல, கஜபதி. அதனாலதான் நான் நம்பினேன்."